பெரிய அகராதியின் மரண அறிவித்தல்

1

காலையில் பேருந்துக்கு நிற்கும்போதுதான் நான் துக்கம் விசாரிப்பது. வேறு நேரம் அமைவதில்லை. நோர்வேயின் இந்தக் கரையோர நகரத்தில் மழை மேலிருந்தும் பெய்யும், பக்கத்திலிருந்தும் பெய்யும். தரிப்பிடத்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒதுங்கி, ஒரு கையுறையைக் கழற்றி, போனைத் திறந்தால் ஊரில் அப்போது பள்ளிக்கூட இடைவேளை. யாராவது காலமாகியிருப்பார்கள். குத்துவிளக்கு, பூமாலை விளிம்பு, நடுவில் முகம். கீழே 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதுவேன். முதல் எழுத்தைத் தொட்டாலே மிச்சத்தைப் போன் தானாக எழுதித் தந்துவிடுகிறது. என்னிடமிருந்து அது கற்றுக்கொண்ட தமிழ் அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் நடந்தது. வன்னியில் முள்ளியவளைப் பக்கம் நான் படித்த பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது, பெயர் வேண்டாம். அதன் நூலகத்துக்கு முகநூலில் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் மரண அறிவித்தல். கீழே கனடாவும் பிரான்சும் டென்மார்க்கும் ஏற்கனவே வந்து கைகூப்பிவிட்டுப் போயிருந்தன. நானும் கைகூப்பினேன். பேருந்தில் ஏறி யன்னலோரம் இருந்த பிறகு, பார்க்க வேறொன்றும் இல்லாததால், இறந்தவர் யார் என்று வாசித்தேன்.

"சென்னையைப் பிறப்பிடமாகவும், எமது நூலகத்தின் மூன்றாம் தட்டை வதிவிடமாகவும் கொண்ட பெரிய தமிழ் அகராதி அவர்கள் நேற்றுப் பெய்த மழையில், கூரை ஒழுக்குக் காரணமாகக் காலமானார். அன்னார், கையடக்க அகராதியின் பாசமிகு தமையனும், ஆங்கில அகராதியின் அன்பு மைத்துனரும், பொது அறிவுக் களஞ்சியத்தின் சம்பந்தியும், தரம் பத்து மாணவர்களின் கட்டுரைகளுக்கு நெடுங்காலம் தோள் கொடுத்தவரும் ஆவார். பூதவுடல் நூலக மேசையில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. இறுதிக் கிரியைகள் வெள்ளிக்கிழமை இடைவேளையில் வேப்பமரத்தடியில் நடைபெறும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், இரவல் எடுத்துத் திருப்பித் தராதோர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: புத்தகப்பூச்சி."

நடுவில் படம். மேசையில் ஒரு தடித்த புத்தகம், நீர் குடித்து வயிறு ஊதி, மல்லாந்து கிடக்கிறது. நெஞ்சின்மேல் ஒரு செவ்வரத்தம்பூ.

என் அனுதாபத்தை அழிப்பதா விடுவதா என்று யோசித்தேன். அழித்தால் வாசிக்காமல் எழுதியது தெரிந்துவிடும். விட்டேன். எனக்கு மேலேயும் கீழேயும் இருந்த எல்லாரும் அப்படித்தான் விட்டிருக்க வேண்டும்.

2

புத்தகப்பூச்சி என்பது என் மச்சாள் தவமலர். மாமாவின் மகள். ஒரே வகுப்பில் படித்தோம். நான் வெளிக்கிட்டேன், அவள் நின்றாள். இடையில் நடந்ததெல்லாம் அவளுக்கு நடந்தது. எனக்கு அது செய்தியாக வந்தது. இப்போது அதே பள்ளிக்கூடத்தில் ஆசிரிய நூலகர்.

வேலைக்கு நடக்கும் வழியில் அழைத்தேன்.

"மச்சாள், உந்த அகராதி..."

"பாத்தன் மச்சான். உம்மட அனுதாபமும் வந்து கிடக்கு. குடும்பத்தின் சார்பில நன்றி."

"எல்லாரும் உண்மையெண்டு நினைச்சுப் போட்டினம்."

"உண்மைதானே. செத்துத்தானே கிடக்கு. தொட்டுப் பாரும், விறைச்சுப்போச்சு."

"பிள்ளையள் பயப்படேல்லையோ?"

"பிள்ளையள் வாசிச்சதுகள், சிரிச்சதுகள், பாக்க வந்திருக்குதுகள். இடைவேளைக்கு வாசல் கொள்ளாத சனம். வெளிநாட்டிலதான் அழுகினம்."

அவள் நூலகத்தைப் பொறுப்பெடுத்தபோது அது ஒரு பூட்டும் திறப்புமாக இருந்தது. திறப்பு அதிபரின் மேசை லாச்சிக்குள். நூலகப் பாடவேளையில் கணித ரீச்சர் பிந்திய பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பிப்பா. அந்த அறையில் ஆகக் கூடுதலாக வாசிக்கப்பட்டது நன்கொடையாளர் பெயர்ப்பலகை. வெளிநாட்டிலிருந்து நாங்கள் காசு சேர்த்து அனுப்பிய கணினிப் பலகை ஒன்றும் அங்கே உண்டு. அதைவிட அதன் பெயர்ப்பலகை பெரிது. என் பெயர் நாலாவது வரியில் இருக்கிறது. இரண்டையும் தூசி தட்ட ஒரே துணி என்று தவமலர் சொன்னாள்.

பிறகு அவள் பக்கத்தைத் தொடங்கினாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுவர முடியாது. பின்னேரங்களில் தாயின் போன் பிள்ளையின் போன் ஆகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். நாளுக்கொரு வீடியோ. முகம் வராது. ஒரு கை, கையில் ஒற்றைக் கண்ணாடிக் காப்பு, கைக்குள் ஒரு கதைப்புத்தகம். முதல் பக்கத்தை வாசிப்பாள். பெட்டியைத் திறக்கப் போகிற இடத்தில், கதவு தட்டப்படுகிற இடத்தில், தோணி கவிழப் பார்க்கிற இடத்தில், புத்தகத்தை மூடிவிடுவாள். அடுத்தநாள் மணி அடிக்க முன்னமே வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். ஒருமுறை ஒரு தாய் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு வந்து, "ரீச்சர், பிள்ளைக்குக் காய்ச்சல், வரேல்லை. அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருந்தது எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றாவாம். தவமலர் சொல்லவில்லை. புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள்.

திருப்பித் தராத புத்தகங்களுக்கு வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவாள், புத்தகம் பேசுவதுபோல. "அம்மா, நான் நூலகப் புத்தகம் கதைக்கிறன். உங்கட மகள் டிலானியின்ர கட்டிலுக்குக் கீழ கிடக்கிறன். இஞ்ச ஒரே இருட்டு. ஒரு செருப்பும் நானும்தான்." டிலானி தரம் ஒன்பது. அடுத்தநாள் புத்தகம் வந்தது. துடைத்து, செய்தித்தாள் உறை போட்டு.

கணித ரீச்சர் இன்னும் அந்த அறையைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா. வரவுப் புத்தகத்தில் பிள்ளைகளின் பெயர் குறைந்தால் அறை போய்விடும். திறப்பு மறுபடியும் லாச்சிக்குள் போய்விடும். இதைத் தவமலர் என்னிடம் ஒரு முறைதான் சொன்னாள். பிறகு அதைப்பற்றிக் கதைக்கும்போதெல்லாம் "பக்கம் ஓடவேணும்" என்று மட்டும் சொல்வாள். பக்கம் நின்றால் அறையும் நின்றுவிடும் என்பது அதற்குள் இருந்தது.

3

நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டடப் பராமரிப்பாளன். கதவு இறுகினால், பனியில் படி வழுக்கினால், மின்குமிழ் செத்தால், என்னைக் கூப்பிடுவார்கள். போன வருடம் இந்தப் பள்ளிக்கூடங்களில் போனைத் தடுத்தார்கள். வகுப்புக்கு ஒரு மரத்தட்டு செய்யச் சொன்னார்கள், போன் வைக்கச் சிறு சிறு அறைகளோடு. அதற்கு இவர்கள் வைத்த பெயர் 'கைபேசி விடுதி'. நான் இருபதுக்கும் மேலான விடுதிகள் கட்டினேன். வன்னியில் பிள்ளைகளைப் போனுக்குள்ளால் புத்தகத்துக்குக் கூட்டிவர ஒருத்தி பாடுபடுகிறாள். அவளுடைய மச்சான் இங்கே போன்களுக்குக் கதவு பூட்டுகிறான். இரண்டு பேரும் சம்பளத்துக்குத்தான் செய்கிறோம்.

எங்கள் நூலகர் இங்கட் என்ற பெண். அமைதியான ஆள். வருடத்தில் இரண்டு முறை பழைய புத்தகங்களைக் கழிப்பா. தள்ளுவண்டியில் அடுக்கித் தருவா, நான் உருட்டிக்கொண்டு போய்த் தாள் கழிவுக் கொள்கலனுக்குள் கொட்டுவேன். மழை ஈரத்தில் அது விழும் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. பழகாத நாட்களில் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக உருட்டுவேன். அவ்வளவுதான் என்னால் செய்யக்கூடிய கிரியை.

அகராதியின் கதையை இங்கட்டுக்குச் சொன்னேன். என் நோர்வே மொழியில் மரண அறிவித்தலுக்கு நகைச்சுவை வராது. 'எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு புத்தகத்தை அடக்கம் செய்கிறார்கள்' என்று மட்டும் வந்தது. அவ கவனமாகக் கேட்டா.

"மண்ணிலா? அதற்கு மாநகரசபை அனுமதி எடுத்தார்களா? பசை நிலத்துக்குக் கூடாது."

"கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

வீட்டில் மகள் மித்திராவுக்கும் சொன்னேன். பதினைந்து வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் நோர்வே மொழியில் பதில் சொல்வாள், இடையில் 'ஓம்பா' என்ற ஒரு பாலம். அந்தப் பாலத்தால் பெரிய வாகனங்கள் போகாது. "ஓம்பா" என்றாள். காதுக்குள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

4

வெள்ளிக்கிழமை கிரியையை வீடியோவாகப் பார்த்தேன். அதற்கு முதல்நாள் நூலகத்துக்குள் ஒரு பிரச்சினை வந்ததாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதி, குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற சைவக் குடும்பத்துப் பிள்ளைகள். மற்றப் பாதி, கடற்கரையிலிருந்து வருகிற வேதக்கார, கத்தோலிக்கப் பிள்ளைகள். எரிப்பதா, மண்ணுக்குள் தாட்பதா?

"எரிக்கிறதுதான் முறை ரீச்சர்" என்றிருக்கிறான் ஒருவன். "சாம்பலை நந்திக்கடலில கரைப்பம்."

"அகராதி என்ன சைவமோ?" என்று கேட்டாள் டிலானி. "அதுக்குள்ள எங்கட மாதா கோயில் சுருவம் எண்ட சொல்லும் கிடக்கு. நான் பாத்தனான்."

"திருநீறும் கிடக்கு."

தவமலர் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுச் சொன்னாளாம்: "புத்தகத்தை எரிக்கிறேல்லை. எங்கட ஆக்களுக்கு யாழ்ப்பாணத்தில ஒருக்கா எரிஞ்சது காணும்." தாட்பது என்று முடிவானது.

வீடியோவில் வேப்பமரம் சொட்டுகிறது. நாலு பிள்ளைகள் ஒரு பிஸ்கட் பெட்டியைத் தூக்கி வருகிறார்கள். கிழங்குபோல் ஊறிய பக்கங்களிலிருந்து ஆளுக்கொரு சொல்லைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். வரிசையில் வந்து, சொல்லைச் சொல்லி, ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். நீராவி. நெடில். நொங்கு. ஒரு சின்னவன் சொல்லை மறந்துவிட்டு மண்ணை மட்டும் போட்டான். டிலானி 'படகு' என்றாள். வெள்ளைச் சீருடைகள் எல்லாம் சேறு. ஒற்றைக் காப்புக் கை கடைசியாக வந்து மண் போட்டது.

நான் அதைப் பேருந்தில் இரண்டு தரம் பார்த்தேன். தரிப்பிடத்தைத் தவறவிட்டு, திரும்பி நடந்தேன்.

5

இதற்குள் வெளிநாட்டில் ஒரு வேலை நடந்துவிட்டது. பழைய மாணவர் சங்கத்தின் ஒரு பெரிய நகரக் கிளை, அறிவித்தலைக் கண்டவுடன், தன் பங்குக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி அச்சிட்டு வெளியிட்டது: 'எமது கல்லூரிக்கு நீண்டகாலம் சேவையாற்றிய அமரர் அகராதி ஐயா அவர்களின் மறைவு ஈடுசெய்ய முடியாதது.' செயலாளரின் பெயர், தலைவரின் பெயர், குத்துவிளக்கு இரண்டு. இன்னொரு நகரக் கிளை அதை எடுத்துப் போட்டுச் சிரித்தது. இந்த இரண்டு கிளைகளும் ஏற்கனவே ஒரு பொங்கல் விழாவில் மண்டபம் தொடர்பாகக் கதைக்காமல் விட்டவை.

செயலாளர் அதிபருக்கு எழுதினார். கடிதத்தலைப்பில் இருந்த பெயர்கள் கடிதத்தைவிட நீளம். சாவை விளையாட்டாக்கும் ஆசிரியை, பள்ளிக்கூடத்தின் மானம், அந்தப் பக்கம் உடனே மூடப்பட வேண்டும்.

அதிபர் தவமலரைக் கூப்பிட்டார்.

"ரீச்சர், நீங்கள் செய்தது பிழையெண்டு நான் சொல்லேல்லை. பிழையெண்டு அவை சொல்லினம். நான் நடுவில ஒரு கதிரையில இருக்கிறன்."

"விளங்குது சேர்."

"அதை விடுங்கோ. புத்தகம் அரசாங்கத்தின்ர. வருசக் கடைசியில கணக்கெடுக்கிற சபை வந்து கண்ணால பாத்துக் கழிக்கச் சொன்னால்தான் கழிக்கலாம். நீங்கள் தாட்டுப் போட்டியள். எங்கயெண்டு கேட்டால்?"

"தோண்டிக் காட்டுறதோ சேர்?"

அதிபர் யன்னலுக்கு வெளியே பார்த்தாராம். "இந்த மாவட்டத்தில தோண்டுறதெண்டால் நீதவான் வரவேணும் ரீச்சர்."

அங்கே தோண்டிய இடங்களில் எலும்புகள் வந்திருக்கின்றன; இரண்டு பேரும் சிரிக்கவில்லை. தவமலர் அகராதியின் மட்டையைத் தனியே கழற்றி வைத்திருந்தாள், முத்திரையோடும் பதிவிலக்கத்தோடும். மேசையில் வைத்தாள். சபைக்குக் காட்ட மட்டை காணும். அதிபர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, பக்கம் இருக்கட்டும், கிளைக்குத் தானே ஒரு பதில் எழுதுகிறேன் என்றார். எழுதினார். 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்பதுதான் பதில்.

அவள் வென்றுவிட்டாள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தைத் தேடினேன். காணவில்லை.

6

"அதிபர் மூடச் சொல்லிப்போட்டாரோ?"

"இல்லை. நான்தான் மூடினனான்."

"ஏன் மச்சாள்?"

"ஜெனிற்றா எழுதினதைப் பாக்கேல்லையோ? பாக்கமாட்டீர். வெளிநாட்டில இருக்கிற நீங்கள் ஒண்டையும் வாசிக்கிறேல்லை."

ஜெனிற்றா டிலானியின் தாய். அடக்க வீடியோவுக்குக் கீழே, சிரிப்புப் படங்களுக்கும் கைகூப்பல்களுக்கும் நடுவில், ஒரு வரி எழுதியிருந்தா. தவமலர் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். "ஒரு புத்தகத்துக்கு மண் போட இவ்வளவு பிள்ளைகள். கொடுத்துவைத்த புத்தகம்."

தொலைபேசியில் ஊர் மழை கேட்டது. இங்கேயும் பெய்தது. இரண்டு மழையும் ஒரே காதுக்குள்.

"அவவின்ர தேப்பனைக் கடைசிச் சண்டை நேரம் மணலுக்குள்ள தாட்டுட்டு ஓடி வந்தவை. சுவாமியாரும் இல்லை, பெட்டியும் இல்லை" என்றாள். "எனக்கு அது தெரியாததோ மச்சான்? நானும் அந்த மணலுக்குள்ளால வந்தனான்தானே. சிரிப்பில மறந்துபோனன். ஒரு கிழமையா மறந்துபோய் இருந்திருக்கிறன்."

"மறக்கிறது நல்லதுதானே" என்றேன். வெளிநாட்டிலிருந்து சொல்லக்கூடிய வசனம்.

"உமக்கு நல்லது" என்றாள்.

அந்தக் கிழமை வீடியோ வரவில்லை. முதல் நாள் இடைவேளைக்குக் கொஞ்சம் பிள்ளைகள், பிறகு இரண்டு பேர், பிறகு மழைக்கு ஒதுங்கிய ஒரு பிள்ளை. கணித ரீச்சர் வந்து கரும்பலகை எந்தச் சுவரில் பூட்டலாம் என்று சும்மா பார்த்துவிட்டுப் போனாவாம்.

7

வியாழக்கிழமை தவமலர் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான். ஜெனிற்றா முற்றத்தில் வலைக்குள் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தா. கதிரை எடுத்துப் போட்டா.

"ரீச்சர், உங்கட பக்கத்தைக் காணேல்லை."

"மூடிப்போட்டன். நீங்கள் எழுதினதைப் பாத்தன்."

"நான் மூடச் சொல்லி எழுதேல்லையே."

"ஓம். எண்டாலும் அப்பிடி ஒரு பகிடி நான் விட்டிருக்கக்கூடாது."

ஜெனிற்றா வலையைக் கீழே வைக்கவில்லை. "பகிடி நல்லாத்தான் இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, சிரிச்சாப் பிறகுதான் கோவம் வந்தது. உவள் டிலானி பின்னேரத்தில போனைத் தூக்கிக்கொண்டு திரியிறாள், கதையின்ர மிச்சம் வரேல்லையெண்டு. அவள் கெட்ட கேட்டுக்கு வாசிக்கத் தொடங்கினதே உங்களாலதான். நீங்கள் மூடிப்போட்டு இஞ்ச வந்து கதிரையில இருக்கிறியள்."

பிறகு ஜெனிற்றா கேட்டா: "அந்த அறிவித்தல் ஆர் எழுதினது? மைத்துனர், சம்பந்தி எல்லாம் போட்டு?"

"நான்தான்."

"அப்பாவுக்கு அப்பிடி ஒண்டு எழுதித் தருவியளோ? அப்ப பேப்பரும் இல்லை, பேப்பர் பாக்க ஆக்களும் இல்லை. பேந்து போடுவம் எண்டு இருந்தம். பேந்து போட வெக்கமாப் போச்சு, இவ்வளவு பிந்தி என்னத்துக்கெண்டு சனம் கேக்கும். ஒரு புத்தகத்துக்குப் போடலாமெண்டால் அவருக்கும் போடலாம்தானே."

எனக்கு இதைச் சொல்லும்போது தவமலரின் குரல் வழமைபோலத்தான் இருந்தது. "நான் எழுதேல்லை" என்று ஜெனிற்றாவிடம் சொன்னாளாம். "டிலானி எழுதட்டும். பேத்தி எழுதினால் பிந்தினது எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். நான் எழுத்துப்பிழை பாக்கிறன்."

பக்கத்தை அன்று பின்னேரமே திறந்தாள்.

8

மரண அறிவித்தல் எழுதிப் பார்த்தால்தான் அது எவ்வளவு கேட்கிறது என்று தெரியும். பிறந்த இடம், இருந்த இடம், யாருக்கு மகன், யாருக்கு மருமகன், யாருக்கு அண்ணன், யாருக்கு மைத்துனர். டிலானிக்குத் தன் தாத்தாவைப்பற்றித் தெரிந்தது இரண்டு. பெயர் செபமாலை. பஸ் கொண்டக்ரர். ஜெனிற்றாவுக்கு மிச்சத்தில் பாதி தெரியும். மற்றப் பாதி தெரிந்தவர்கள் செத்துவிட்டார்கள், அல்லது எங்களைப்போல் எங்கோ போய்விட்டார்கள்.

டிலானி இடைவெளி விட்டு எழுதினாள். தந்தை பெயருக்குக் கோடு. சகோதரருக்குக் கோடு. அதிபர் பார்த்துவிட்டு, "இறந்த திகதி?" என்று கேட்டார்.

"அம்மாவுக்கு நாள் தெரியாது சேர். அப்ப ஒருத்தருக்கும் நாள் தெரியாதாம்."

"அதுக்கும் இடம் விடும் பிள்ளை. ஒருத்தரும் நிரப்பமாட்டினம். எண்டாலும் விடும்."

புத்தகப்பூச்சி அதை அப்படியே போட்டது. மேலே ஒரு வரி: 'எங்கள் நூலக வாசகி எழுதுகிறார். தெரிந்தவர்கள் இடைவெளி நிரப்பவும்.' படம் இல்லை. படம் இருக்கவேண்டிய வட்டத்துக்குள் வெறும் வெள்ளை.

முதலில் வழக்கம்போல் அனுதாபங்கள் வந்து குவிந்தன. தவமலர் ஒவ்வொன்றுக்கும் கீழே 'தயவுசெய்து வாசிக்கவும்' என்று பொறுமையாகப் பதில் போட்டாள். பிறகு டென்மார்க்கிலிருந்து ஒரு பெண்: 'இது எங்கள் செபமாலை மாமா. தகப்பன் பெயர் சந்தியோகு.' பாரிசிலிருந்து ஒருவர்: தங்கச்சி ஒருவ மன்னாரில் கலியாணம் கட்டியவ, பெயர் பிலோமினா. தான் மைத்துனர் என்று ஒருவர் வந்தார். இல்லை நீர் சகலன் என்று இன்னொருவர் வந்தார். அது இரண்டு நாள் போனது. கடிதம் எழுதிய பெரிய நகரக் கிளையின் செயலாளரும் வந்தார். கிளையின் பெயரில் அல்ல, தன் பெயரில். 'இவர் என்னை ஒருநாள் தண்ணீரூற்றுச் சந்தியில் பஸ்ஸால் இறக்கி விட்டவர். பிழை என் பக்கம்.' அவர் எழுதியவற்றில் நான் முழுதாக நம்பிய முதல் வசனம் அது.

எனக்கும் அவரைத் தெரியும். முள்ளியவளையில் படித்த எல்லாருக்கும் தெரியும். பின்கதவு மிதிபலகையில் ஒற்றைக் காலில் நிற்பார். மற்றக் கால் காற்றில். அவர் எனக்கு யாரும் இல்லை. நிரப்ப என்னிடம் பெயர் இல்லை. ஆனால் வட்டம் வெள்ளையாக இருந்தது.

இங்கே நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில் சாமான் வைக்க எங்களுக்கு ஒரு கம்பிக்கூடு உண்டு. அதற்குள் என் தமையனின் பழைய அல்பம். அவர் முதலில் இங்கே வந்தவர். நான் ஆண்டு எட்டில் படிக்கும்போது இரணைமடுக் குளம் பார்க்கச் செபமாலையின் பஸ்ஸில் சுற்றுலா போன படத்தை ஊரிலிருந்து அவருக்குத் தபாலில் அனுப்பினேன். ஊரிலிருந்த படங்கள் எல்லாம் ஊரோடு போயின. அனுப்பியவை மட்டும் அனுப்பிய இடங்களில் இருக்கின்றன. சனிக்கிழமை மத்தியானம் தேட இறங்கினேன். வெளிச்சம் பிடிக்க மித்திராவைக் கூப்பிட்டேன்.

பஸ். பஸ்ஸுக்கு முன்னால் நாங்கள். பின்கதவில் தொங்கிக்கொண்டு, வாய் விட்டுச் சிரித்தபடி, அவர்.

"இவர் ஏன் வெளியில தொங்குறார்?" என்று மித்திரா கேட்டாள், நோர்வே மொழியில்.

"அதுதான் அவற்ற வேலை."

"காப்புறுதி இருந்ததா?"

"இல்லை."

படத்தைக் கிட்டப் பிடித்தாள். "இது நீங்கள். காது தெரியுது. இது ஆர்?"

"தவமலர் மாமி."

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தமிழில், பாலத்தை விட்டு இறங்கி, சொன்னாள்: "இவவின்ர கைதானே வீடியோவில வாறது."

"நீ பாக்கிறனியோ?"

"வாசிக்க எனக்கு லேற் ஆகும். அவ வாசிச்சால் விளங்கும். ஆனா மாமி முடிவு சொல்லுறேல்லை. சரியான எரிச்சல். அந்தப் புத்தகம் ஒண்டும் இங்க இல்லை."

கைபேசி விடுதிகள் கட்டிய ஆள் நான். என் வீட்டுக்குள் அந்தப் போனில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"கேட்டுப் பார்" என்றேன். "சொல்லமாட்டா. புத்தகத்தை அனுப்பினாலும் அனுப்புவா."

மித்திரா படத்தைத் தன் போனில் எடுத்து, மஞ்சளை நீக்கி, அவரைத் தனியே வெட்டினாள். ஒரு சிக்கல் வந்தது. பஸ் யன்னலுக்குள்ளிருந்து ஒரு பிள்ளையின் கை நீண்டு அவருடைய தோளைப் பிடித்திருக்கிறது, விழுந்துவிடாமல். அந்தக் கையை வெட்டினால் தோளும் போகும்.

"விடட்டோ?" என்று கேட்டாள்.

"விடு" என்றேன்.

9

மூன்றாம் தட்டில் இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. கூரையும் அப்படியே. ஒழுக்குக்குக் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறார்கள்; வாளிக்குத் தனியாக ஒரு வீடியோ வந்தது, அது நல்லாப் போனது. கரும்பலகை இப்போதைக்கு வேண்டாம் என்று அதிபர் கணித ரீச்சருக்குச் சொல்லிவிட்டார். இடைவேளைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கதிரை காணாதாம்.

நேற்று காலை தரிப்பிடத்தில் நின்றேன். மழை பக்கத்திலிருந்து. போனைத் திறந்தேன்.

"முல்லைத்தீவைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சந்தியோகு செபமாலை அவர்கள்                __________ அன்று மணலில் காலமானார். அன்னார், காலஞ்சென்ற சந்தியோகு, மரியம்மா தம்பதிகளின் அன்பு மகனும், காலஞ்சென்ற திரேசம்மாவின் அன்புக் கணவரும், ஜெனிற்றாவின் பாசமிகு தந்தையும், பிலோமினாவின் தமையனும், மைத்துனரா சகலனா என்று இன்னும் தெரியாத ஒருவரின் உறவினரும், டிலானியின் தாத்தாவும் ஆவார். அவர் பஸ்ஸில் கொண்டக்ரராக இருந்தார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், அவருடைய பஸ்ஸில் ஏறியோர், இறக்கி விடப்பட்டோர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: பேத்தி."

வட்டத்துக்குள் அவர் சிரித்தார். தோளில் அந்தக் கை.

பேருந்து வந்து கதவைத் திறந்தது. சாரதி என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன், போகச் சொல்லி. அடுத்தது வரும். மேலிருந்து இன்னொரு முறை வாசித்தேன், கீழே தகவல் வரை. பிறகு முதல் எழுத்தைத் தொட்டேன். போன் மிச்சத்தை எழுதித் தரப் பார்த்தது. விடவில்லை. ஒவ்வொரு எழுத்தாக நானே எழுதினேன். எல்லாரும் எழுதியிருந்ததுதான்.